ட்ரம்முக்குள் இருந்த மருந்து

கோவை குறிச்சிப் பக்கம் ஒரு லேட்டக்ஸ் (ரப்பர் பால்) கம்பெனியில் நான்கு வருடம் லேப் பார்த்தேன். பலூன் போட்டுக்கொண்டிருந்த முதலாளி, ஐரோப்பிய ஆர்டர் கிடைத்ததும் பால் பாட்டில் நிப்பிளுக்கு மாறினார். அச்சு மாறியது, ரப்பர் பாலில் கலக்கும் கூட்டுமருந்து மாறவில்லை. முதல் சாம்பிளே ஃபெயில்.

ரப்பர் சீக்கிரம் வேக, கந்தகத்தோடு ஆக்சிலரேட்டர் சேர்ப்போம். அதில் சில வகைகள் மிச்சம் விடும் அமீன் என்ற வேதிப்பொருள், எச்சிலில் இருக்கும் நைட்ரைட்டோடு சேர்ந்தால் நைட்ரோசமைன் ஆகிவிடும். அந்தக் குடும்பத்தில் பலவும் புற்றுநோய் வரவழைப்பவை. ஐரோப்பாவின் 1993 விதிப்படி, ஒரு கிலோ ரப்பரிலிருந்து நைட்ரோசமைன் 0.01 மில்லிகிராமுக்கு மேல் கசியக் கூடாது. அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. நைட்ரோசமைனாக மாறக்கூடியவை 0.1 மில்லிகிராம் வரை. நிப்பிளைச் செயற்கை எச்சிலில் 40 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்துப் பார்ப்பார்கள்.

சரி என்று, ஆபத்துக் குறைந்த டைபென்சைல் வகை ஆக்சிலரேட்டருக்கு மாறினோம். விலை அதிகம். திரும்பவும் ஃபெயில்! ரிப்போர்ட்டில் இருந்தது டைமெத்தில் வகை. எங்கள் கூட்டில் அப்படி ஒரு சரக்கே கிடையாது. டெஸ்ட் பண்ணிய லேப்காரன் தப்பு என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

ஸ்டோர் அண்ணன்தான் கேட்டார்: "ஏங்கண்ணு, பாலு வர்ற ட்ரம்முல என்ன கெடக்குதுன்னு பாத்தியா?"

கேரளாவிலிருந்து வாளையார் தாண்டி வந்த லேட்டக்ஸ், அம்மோனியா குறைத்த ரகம். அம்மோனியா குறைந்தால் பால் கெட்டுப்போகும் என்று அதில் டிஎம்டிடி என்ற மருந்து கொஞ்சம் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். அதுவும் ஓர் ஆக்சிலரேட்டர்தான், டைமெத்தில் வகை. அந்த ரகத்தை வாங்கச் சொன்னதே நான். டிப்பிங்கில், அதாவது அச்சைப் பாலில் முக்கி எடுக்கும் இடத்தில், நிற்கும் அக்காக்களுக்கு அம்மோனியா நெடியில் கண் எரிகிறது என்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்க வைத்திருந்தேன்.

டிஎம்டிடி இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அம்மோனியா கூடிய ரகத்துக்குத் திரும்பினோம். வெந்நீரில் அலசும் நேரத்தையும் கூட்டினோம். மூன்றாவது ரிப்போர்ட் பாஸ். "சங்குல பாலு ஊத்துனா இத்தன ரோதன உண்டா?" என்று முதலாளியின் அம்மா கேட்டது தனிக்கதை.

நெடி திரும்பியதற்கு அக்காக்களிடம் காரணம் சொன்னேன். மூத்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கொழந்தைக்கு நல்லதுன்னா சரிங்க சார். எங்களுக்கு ஒரு ஃபேன் போடச் சொல்லுங்க" என்றார்.

தீபாவளி கழித்துத்தான் ஃபேன் வந்தது.