மீன் மார்க்கெட் ஐஸில் ஒரு டிரான்ஸ்ஃபர்மேஷன்

போன வாரம் லேபில் ஐஸ் மெஷின் படுத்துவிட்டது. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் (வட்டமான சிறு டிஎன்ஏ) ஏற்றுவதுதான் டிரான்ஸ்ஃபர்மேஷன். ஹீட் ஷாக் (திடீர்ச் சூடு), எலக்ட்ரோபொரேஷன் (மின் அதிர்ச்சி) இரண்டில் எது எடுத்தாலும் காம்பிடன்ட் செல்லை, அதாவது டிஎன்ஏவை உள்ளே வாங்கத் தயாராக்கிய பாக்டீரியாவை, ஐஸில்தான் வைக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டியோடு காரைக்குடி மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். ஐஸ் உடைத்துக் கொடுத்தவர், "என்ன மீன் தம்பி வாங்குனீங்க?" என்றார். ஈ.கோலை பாக்டீரியா என்று சொல்லவா முடியும்? சிரித்துவிட்டு வந்தேன்.

அதற்கு முன்பு இரண்டு முறை ஹீட் ஷாக் செய்து தட்டில் ஒரு காலனிகூட (பிளாஸ்மிட் ஏறிய செல் பெருகித் தெரியும் புள்ளி) வரவில்லை. சீனியர், "எலக்ட்ரோபொரேஷன் போடு, மடமடவென்று வரும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்குக் கால்சியம் குளோரைடில் தயாராக்கிய செல்லுக்கு ஹீட் ஷாக் கொடுக்கும் முறையில் பொதுவாக 10 லட்சம் முதல் 10 கோடி காலனி வரை. மின்சாரத்தில் 100 கோடியைத் தாண்டும். ஆனால் லிகேஷன் கலவையின் (பிளாஸ்மிட்டில் வேண்டிய டிஎன்ஏ துண்டை ஒட்டிய கலவை) உப்பை நீக்காமல் அப்படியே 3 மைக்ரோலிட்டர் விட்டேன். மின்தகடு இடைவெளி 1 மி.மீ. உள்ள கியூவெட் (செல் விடும் சிறு குப்பி), 1.8 கிலோவோல்ட். பட்டனை அழுத்தியதும் உப்பு வழியே மின்சாரம் பாய்ந்து 'டப்'! ஈரக் கரண்டியை எண்ணெயில் விட்டு, கந்தரப்பம் சுடும் அப்பத்தாவிடம் வாங்கிய திட்டு ஞாபகம் வந்தது. செல்லும் போச்சு, கியூவெட்டும் போச்சு.

சரி என்று மறுபடி ஹீட் ஷாக்குக்கே வந்தேன். இந்தத் தடவை வாட்டர் பாத்துக்குள் கண்ணாடித் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 38 டிகிரி. டிஸ்ப்ளே மட்டும் கூசாமல் 42 காட்டிக்கொண்டிருக்கிறது! சரிசெய்துவிட்டு, ஐஸில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 விநாடி, மறுபடி ஐஸில் 2 நிமிடம், பிறகு எஸ்ஓசி (செல் தேறிவரச் சத்துக் கரைசல்) ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம். 1970-இல் விஞ்ஞானிகள் மாண்டலும் ஹிகாவும் காட்டிய கால்சியம் வழிதான்.

மறுநாள் காலை ஆம்பிசிலின் (பிளாஸ்மிட் ஏறாத செல்லை வளரவிடாத ஆன்டிபயாடிக்) தட்டில் 23 காலனி. நான்கை மினிபிரெப் செய்ததில் (பிளாஸ்மிட்டைத் தனியே பிரித்துப் பார்த்ததில்) மூன்றில் இன்சர்ட், அதாவது நான் ஒட்டிய துண்டு, இருந்தது. எனக்கு வேண்டியதே ஒன்றுதான். கோடிக்கணக்கில் வைத்துக்கொண்டு என்ன செய்ய? டிஎன்ஏ லைப்ரரி (ஏராளமான டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பு) கட்டுகிறவர்களும் பெரிய பிளாஸ்மிட் ஏற்றுகிறவர்களும் மின்சாரத்துக்குப் போகட்டும். பக்கத்து மேசைக்காரர் பாடு வேறு. அவருடைய ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா இரண்டுக்கும் மசியவில்லை, ஈ.கோலையோடு சேர்த்து வளர்த்து, கான்ஜுகேஷனில்தான் (ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு டிஎன்ஏ நேரே மாறும் வழி) ஏற்றுகிறார்.

மிச்ச ஐஸை சிங்க்கில் கொட்டினேன். மத்தியானம் யார் மீன் கொண்டுவந்தது என்று கைடு இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.