சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு மார்க்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா, "கட்டடத்துக்கு மார்க் போடுறா" என்பார். போடுவது வேறு ஆட்கள். நான் வாங்கித் தருகிற கட்சி. லீடோ, ஐஜிபிசியோ, கிரிஹாவோ, எந்தப் பசுமைச் சான்றிதழ் கேட்டாலும் அதற்கான சீட்டு, பில், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து இணையத்தில் ஏற்றுவதுதான் பிழைப்பு.

முதன்முதலில் கைவைத்தது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐடி கட்டடம். லீட் சான்றிதழின் அன்றைய 2009 பதிப்பு. மொத்தம் 110 மார்க். 60 எடுத்தால் கோல்டு, 80 எடுத்தால் பிளாட்டினம். முதலாளிக்குக் கோல்டு போதும். வரவேற்பறையில் கண்ணாடித் தகடு மாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

எனக்குக் கொடுத்தது குப்பை. கட்டுமானக் கழிவில் பாதியை மண்ணில் கொட்டாமல் மறுபடி பயன்பாட்டுக்கு அனுப்பினால் ஒரு மார்க், முக்கால்வாசி அனுப்பினால் இரண்டு. சொல்ல எளிது. சைட்டில் எல்லாமே ஒரே குவியல்: உடைந்த செங்கல், கம்பித் துண்டு, சிமெண்ட் சாக்கு, டீ குடித்த பேப்பர் கப், ஒற்றைச் செருப்பு. நாலு மூலையில் தகரம் அடித்து, மஞ்சள் பெயிண்டில் 'கம்பி', 'மரம்', 'சாக்கு', 'ராபிஷ்' என்று எழுதி வைத்தேன். மேஸ்திரி வந்து பார்த்தார். "குப்பைக்குக் கூட மார்க்கா மேடம்? எங்க காலத்துல படிச்சாலே போட மாட்டாங்க." சித்தாள் அக்காமார்தான் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். சாக்கைத் தனியாக உதறி மடித்து வைத்தால் காசு என்று அவர்களுக்கு எனக்கு முன்பே தெரியும்.

லோடு வெளியே போகும்போதெல்லாம் எடைமேடைச் சீட்டு வேண்டும். வண்டி எண், காலி எடை, லோடு எடை. டிரைவர்கள் அந்தச் சீட்டில் வெற்றிலை மடித்துக் கொண்டு வருவார்கள். சுண்ணாம்புக் கறையோடு ஸ்கேன் செய்து ஏற்றிய சீட்டுகள் இன்னும் ஏதோ ஒரு சர்வரில் கிடக்கும். இரண்டு மார்க்கும் வந்தது. நான் வாங்கியதிலேயே உருப்படியான மார்க் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஏனென்றால் அதை யாரோ எடை போட்டார்கள்.

மற்றதெல்லாம் அப்படியில்லை. 500 மைலுக்குள், அதாவது சுமார் 800 கிலோமீட்டருக்குள் எடுத்துச் செய்த பொருள் என்றால் அதற்கு மார்க் இருந்தது. கிருஷ்ணகிரி கிரானைட் பாஸ், மக்ரானா பளிங்கு ஃபெயில். நியாயம்தான். சைக்கிள் ஸ்டாண்டும் ஷவரும் வைத்தால் ஒரு மார்க். வைத்தோம். அந்தச் சாலையில் காலை ஒன்பது மணிக்குச் சைக்கிள் ஓட்டி வர எந்த மகராசன் துணிவான்? போன மாதம் வேறு வேலையாக அங்கே போனேன். ஸ்டாண்டில் செக்யூரிட்டி அண்ணனின் லுங்கி காய்கிறது. ஷவர் ரூமில் மாப்பும் பினாயில் கேனும்.

அது சின்ன விஷயம், சிரித்துவிட்டுப் போகலாம். கரண்டு அப்படியில்லை. அட்டவணையில் கொழுத்த மார்க் அங்கேதான், 19 வரை. ஆனால் அது கணினியில் ஓட்டுகிற கணக்கு: நம் வரைபடத்தை ஒரு மாதிரிக் கட்டடத்தோடு ஒப்பிட்டு இத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்ட வேண்டும். காட்டினோம். மேற்கே முழுக்கக் கண்ணாடி. உயர்ரகக் கண்ணாடி என்பதால் கணக்கு இடித்துக்கொள்ளவில்லை. பகல் வெளிச்சத்துக்கும் மார்க் வாங்கினோம். குடிவந்த கம்பெனிக்காரர்களுக்கு மூன்று மணி வெயில் கம்ப்யூட்டர் திரையில் அடித்தது. திரைச்சீலையை இறக்கினார்கள், இறக்கியதுதான். உள்ளே பட்டப்பகலில் எல்லா லைட்டும் எரிகிறது, ஏசி 19-ல் ஓடுகிறது, பெண்கள் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதே நாட்டில் பிஇஇ, ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறதே அதே ஆட்கள், 2009-லிருந்து அலுவலகக் கட்டடங்களுக்கும் நட்சத்திரம் தருகிறார்கள். அவர்கள் கேட்பது ஓடுகிற கட்டடத்தின் ஒரு வருஷத்து நிஜக் கரண்டுக் கணக்கு. யூனிட்டைச் சதுர மீட்டரால் வகுத்தால் முடிந்தது. அழகில்லாத கணக்கு, ஆனால் ஏமாற்றுவது கஷ்டம். என்னிடம் வருகிற முதலாளிகளில் அதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

போன மாதம் அங்கே போன அன்று மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் பன்னிரண்டு மாதக் கரண்டு பில் கேட்டேன், என் ஆசைக்கு. "எதுக்கு மேடம் இப்ப? அதான் கோல்டு வாங்கியாச்சே" என்றார். நச்சரித்ததில் வாட்ஸப்பில் அனுப்பினார். பதினொன்று வந்திருக்கிறது. மே மாதத்து பில் மட்டும் இல்லை. மறுபடி கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது.