எஸ்.எம்.பி.எஸ் என்ன கனம்?

“அண்ணே, லைட்டு எத்தனை கலர் எரியும்?”

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண வரும் பையன்கள் என் கடைப் படியேறியதும் முதலில் கேட்பது இதைத்தான். பிராசஸர் எது, ராம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். கும்பகோணத்தில் மாடியில் ஒரு அறை, ஒரு நீள மேசை, ஒரு கடைப் பையன் என்று பதினோரு வருடமாக ஓட்டுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்கு ஆயிரம் ரூபாய் கூடச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தருவார்கள். பெட்டிக்குள் மூலையில் கிடந்து, சுவர்க் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு நூறு கூடச் சொன்னால் போதும், “ஏன்ணே, ஆன்லைன்ல எழுநூறுக்குக் கெடக்கே” என்று போனை நீட்டிவிடுவார்கள்.

அந்த எழுநூறு ரூபாய் சமாச்சாரத்தில் எனக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. கடை ஆரம்பித்த புதிதில், விலைக்குப் பயந்து, ஃபிளெக்ஸ் டிசைன் பண்ணுகிற ஒருவருக்கு மட்டமான எஸ்.எம்.பி.எஸ் போட்டுக் கொடுத்தேன். அந்த மாதிரி சரக்கில் பின்பக்கம் சிவப்பாக ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 230, மறுபக்கம் 115. நம் ஊர் கரண்டுக்கு 230-ல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளினால், வருகிற வோல்டேஜை உள்ளே இரட்டிப்பாக்கிக்கொள்கிற ஏற்பாடு வேலை செய்ய ஆரம்பிக்கும். ஏற்கெனவே 230 வருகிற இடத்தில் அதையும் இரட்டித்தால் கெப்பாசிட்டர் பாவம் என்ன செய்யும்? கோடை லீவுக்கு அவர் கடைக்கு வந்திருந்த பிள்ளை, சிவப்பாக இருக்கிறதே, ஃபேன் சுவிட்சாக இருக்குமோ என்று பேனா முனையால் தள்ளிவிட்டிருக்கிறான். டமால். அடுத்த நிமிஷம் அவரிடமிருந்து எனக்குப் போன்.

“தம்பி, நான் கும்பகோணத்துலதானே கடை வச்சிருக்கேன்? வலங்கைமான்ல இல்லையே?”

வலங்கைமான் வெடிக்குப் பேர்போன ஊர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து அந்தச் சிவப்பு சுவிட்ச் வைத்த பெட்டியை விற்பதில்லை என்று ஒரு வைராக்கியம். வைராக்கியம் இருந்து என்ன பிரயோஜனம், வாங்குகிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். இதயம் மாதிரி என்றேன், அஸ்திவாரம் மாதிரி என்றேன். தலையை ஆட்டிவிட்டு லைட்டுக்குப் போய்விடுவார்கள்.

போன சித்திரையில் அதே வலங்கைமானைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெரியவர், பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. பேரன் தஞ்சாவூரில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான், நடுவில் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் செய்கிறான். கையில் லிஸ்டோடு வந்திருந்தான். ரைசன் 5 7500எஃப் பிராசஸர், ஆர்.டி.எக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜி.பி ராம், மூன்று பக்கம் கண்ணாடி வைத்த கேபினட், கலர் ஃபேன் ஆறு. (இன்றைக்கு ராம் விற்கிற விலைக்கு 32 ஜி.பி என்று எழுதியிருக்கவே மாட்டான். நகைக்கடைக்காரர் மாதிரி நானும் தினம் காலையில் விலை கேட்டுத்தான் கடை திறக்கிறேன்.)

நல்ல லிஸ்ட்தான். குறை சொல்ல முடியாது. கடைசி வரியில்தான் இருந்தது விஷயம்: எஸ்.எம்.பி.எஸ், “ஏதாவது”.

நான் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். கார்டு 115 வாட், பிராசஸர் 65 வாட், வேலை கூடும்போது அது இன்னும் கொஞ்சம் இழுக்கும், மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300-க்குள் அடங்கும், ஆனாலும் கார்டுக்காரனே 550 வாட் போடச் சொல்கிறான், அதனால் 550-ல் 80 பிளஸ் பிரான்ஸ் போடுவோம் என்றேன்.

“பிரான்ஸ்னா?”

“வெண்கலம்ங்கய்யா.”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வெங்கலமா? யாரு, சாமிமலையில வார்க்கிறாங்களா?”

இல்லை ஐயா, அது ஒரு தர முத்திரை என்றேன். சுவரிலிருந்து நூறு யூனிட் வாங்கினால் எண்பதுக்குக் குறையாமல் உள்ளே போய்ச் சேரும், மீதிதான் சூடாக வீணாகும், அதற்கு மேல் மிச்சப்படுத்துவதற்கு ஏற்ப வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

“தங்கம் இப்ப விக்கிற விலைக்கு வேணாம். வெங்கலமே போதும்” என்றார். பிறகு, “ரெண்டு தினுசையும் எடுங்க” என்றார்.

கடைப் பையன், எவரோ மாற்றிவிட்டுப் போன பழைய மட்டச் சரக்கு ஒன்றையும், பிரான்ஸ் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தான். பெரியவர் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். எனக்கு ஏதோ குறி சொல்லப்போகிறார் போல இருந்தது.

“இது தகரம்” என்று இடது கைச் சரக்கைக் கீழே வைத்தார்.

“ஐயா, கனத்தை மட்டும் வச்சு…”

“தம்பி, நாங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க மூணு தலைமுறையா இந்த ஊருக்குத்தான் வர்றோம். குடத்தை ஒடச்சா பாக்க முடியும்? தூக்கித்தான் பாக்கணும்.”

நான் கம்பி வலை வழியாக டார்ச் அடித்துக் காட்டினேன். மட்டச் சரக்கில் சூட்டை இறக்குகிற ஹீட் சிங்க் வெறும் தகடுதான், டிரான்ஸ்ஃபார்மர் எலுமிச்சம்பழம் சைஸ். இன்னொன்றில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. “நம்ம போர் மோட்டாரு மாதிரிதான். மேல 5 எச்.பி.ன்னு தகடு அடிச்சிருப்பான். ரீவைண்டிங்குக்குக் கழட்டினா உள்ள அலுமினியக் கம்பி ஓட்டியிருப்பான். ரெண்டு மடையே பாயல, பொகஞ்சிரும்.”

பதினோரு வருடமாக இதயம், அஸ்திவாரம் என்று உளறிக்கொண்டிருந்திருக்கிறேன். மோட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டெல்டாவில் அது எவருக்குத்தான் தெரியாது?

பணம் ஒரே அளவுதானே. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு ஏறியது எங்கேயாவது இறங்க வேண்டும். கலர் ஃபேன் ஆறும் போயிற்று. கண்ணாடி கேபினட் போய், வலை வைத்த கறுப்புப் பெட்டி வந்தது. அதிலும் எனக்குச் சம்மதம்தான். அந்தக் கண்ணாடியைக் கழற்றி டைல்ஸ் தரையில் நிறுத்தி வைத்த ஒரு வாடிக்கையாளர் வீட்டில், அது ஒரே நொடியில் கற்கண்டாக உதிர்ந்து, நான் போய்ப் பெருக்கிக்கொடுத்திருக்கிறேன். பேரன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. தேர் பார்க்க வந்தவனைத் தேரடியிலேயே உட்கார வைத்தது போல இருந்தான்.

சாமானெல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பார்சலில் வந்ததும், வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் தாத்தாவும் பேரனும் ஷட்டர் முன்னால் ஆஜர். எல்லாம் தம் கண்ணெதிரில் மாட்ட வேண்டுமாம். அதோடு பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் படம் தெரிந்துவிட வேண்டுமாம். நிதானமாகச் செய்தால் எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிற வேலை.

பிராசஸரை உட்கார வைத்தேன். அது உட்காருகிற இந்த ஏ.எம்.5 சாக்கெட்டில் ஊசியெல்லாம் மதர்போர்டில் இருக்கும், பிராசஸர் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். ஒரு ஊசி வளைந்தாலும் போர்டு காலி. அந்த நேரத்தில் நான் மூச்சு விடுவதில்லை. பெரியவரும் விடவில்லை. அடுத்து, பிராசஸர் சூட்டை மேலே கடத்திவிடுகிற தெர்மல் பேஸ்ட். எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டார்.

“ஒரு அரிசி அளவுதான்ங்கய்யா.”

“எந்த அரிசி?”

நான் டியூபைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தேன்.

“பொன்னியா, மாப்பிள்ளைச் சம்பாவா? மாப்பிள்ளைச் சம்பான்னா மொத்தமால்ல இருக்கும்.”

உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அரிசி அளவு என்றுதான் சொல்கிறார்கள். ஒருத்தர்கூட ரகம் சொல்லவில்லை. நான் மாப்பிள்ளைச் சம்பா என்று சொல்லி வைத்தேன், கொஞ்சம் கூட இருந்தால் தப்பில்லை.

போர்டை கேபினட்டில் இறக்கி, எல்லா ஸ்க்ரூவும் முறுக்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கடைப் பையன் கையில் ஒரு தகட்டை வைத்துக்கொண்டு நிற்கிறான். போர்டின் பின்பக்க ஓட்டைகளுக்கு வைக்கிற தகடு. விலை குறைந்த போர்டுகளில் இது தனியாக வரும், முதலில் இதை மாட்டிவிட்டுத்தான் போர்டை இறக்க வேண்டும். இந்தத் தொழிலில் எத்தனை வருடம் ஆனாலும் இதை மறப்பது நிற்பதில்லை. “அது எதுக்கு, எலி வராமலா?” என்றார் பெரியவர். ஆமாம் என்றேன். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றினேன்.

சுவிட்சைத் தட்டும்போது மணி பத்து இருபத்து நாலு. ஃபேன் சுற்றியது. மானிட்டர் கறுப்பு. போர்டில் ராமைக் குறிக்கிற ‘டிராம்’ என்று எழுதிய இடத்தில் சின்ன லைட் எரிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, செத்துப்போச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று பேரன் சுவிட்சுக்குப் பாய்ந்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். டி.டி.ஆர்.5 ராம் முதல் தடவை ஏறும்போது போர்டு அதனோடு பேசிப் பழகிக்கொள்ளும், எந்த வேகம் ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும், சில நிமிஷம் ஆகும், நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து என்றேன். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கடிகாரம் இருபத்தேழு காட்டியபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஊசி ஏதாவது வளைந்திருக்குமோ?

பெரியவர் மட்டும் அசையவில்லை. “டேய், உக்காருடா. நாத்தங்கால்ல வெதைய வுட்டுட்டு அன்னிக்கே கிளறிப் பாப்பாங்களா?”

பத்து இருபத்தொன்பதுக்குப் படம் வந்தது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து மீதிப் பணத்தை எடுத்து எண்ணி வைத்தார். விண்டோஸ் ஏற்றுவதெல்லாம் ராகு காலத்தில் நடந்தால் பரவாயில்லையாம், விதைத்தது நல்ல நேரம்தானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேரன் போன் செய்தான். “அண்ணே, டிஸ்ப்ளே வரல.” கேபிளைப் பார், பிளக்கைப் பார் என்று எல்லாம் கேட்டுவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறான். சித்திரை வெயிலில், சொட்டுத் தண்ணீர் இல்லாத குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டி, பைக்கில் போனேன்.

கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்த கோலத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றியது சரிதான் என்று தோன்றியது. மானிட்டருக்கு மூன்று பொட்டு. கேபினட் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே சூட்டுக்காற்று வெளியேறுகிற வலையின் மீது கதம்பச் சரம், அதன் இதழ்களைக் காற்று ஒவ்வொன்றாகக் கூடத்தில் தூவிக்கொண்டிருந்தது. பூஜைக்காகப் பெட்டியை நகர்த்தித் துடைத்துத் திரும்ப மாட்டும்போது, மானிட்டர் கேபிளை மேலே இருக்கிற எச்.டி.எம்.ஐ ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். அது போர்டோடது. 7500எஃப் பிராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது, அந்த எஃப்புக்கு அர்த்தமே அதுதான். கேபிள் கீழே கார்டில்தான் செருக வேண்டும்.

“மேல உள்ளதுதானே பெரியதுன்னு வச்சோம்” என்றார் ஆச்சி.

பிடுங்கிக் கீழே செருகினேன். படம் வந்தது. வர ஒரு மணி நேரம், வேலை பத்து செகண்ட். என்ன கேட்பது என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கொல்லைப்பக்கம் மோட்டார் போட்டார்கள். 5 எச்.பி மோட்டார் கிளம்பும்போது, ஓடுகிற கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். டியூப்லைட் ஒரு முறை கண்ணடித்தது. தலைக்கு மேல் ஃபேன் முனகியது. கம்ப்யூட்டர் மட்டும் சிவனே என்று ஓடிக்கொண்டிருந்தது. 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்கிற எஸ்.எம்.பி.எஸ் அது.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தராசு மாதிரி ஒரு தடவை ஏற்றி இறக்கிக் காட்டினார். நான் கும்பிட்டேன்.

கூலி வேண்டாம் என்றதற்கு, புதுசாக அடித்த உளுந்து ஒரு பை கொடுத்தார்கள். வாசல் வரை வந்த பேரன், தாத்தா காதில் விழாத தூரத்தில், “அண்ணே, அந்தக் கலர் ஃபேன், ஒண்ணே ஒண்ணு…” என்றான். கல்யாண சீசன் முடியட்டும், உன் காசில் வா என்றேன்.

உளுந்து வீட்டில் இட்லிக்கு ஆயிற்று. கடையில்தான் தொல்லை. அந்தப் பெரியவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார் போல. ஆடிக்குள் அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். எவரும் வாட் கேட்பதில்லை, முத்திரை கேட்பதில்லை. வந்ததும் கையை நீட்டுகிறார்கள். வேறு வழியில்லாமல் மேசை மேல் ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கி வைத்தேன். நேற்று வந்தவர் அதில் கிராபிக்ஸ் கார்டைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, “இந்த வெலைக்கு இவ்வளவுதானா?” என்கிறார்.