செவ்வாய், வியாழன் மாலை வகுப்பு

சென்ற மாதம் டாலஸிலிருந்து என் ஓரகத்தி தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டதால், வீட்டுக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கலாம் என்றிருப்பதாகச் சொல்லி, பைத்தான் என்னும் நிரல்மொழியில் தொடங்குவதா, ஜாவாவில் தொடங்குவதா என்று கேட்டாள். நான் அதற்குப் பதில் சொல்லாமல், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த வகைநுண்கணிதம் எவ்வளவு நினைவிருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். மொழியைக் கேட்டால் கணக்கைப் பேசுகிறாளே என்று அவளுக்குச் சலிப்பு. "அக்கா, அதெல்லாம் படிச்சுப் பத்து வருஷம் ஆச்சு" என்றாள். பேசி முடித்த பிறகும் அவளுக்கு நான் சரியாக விளக்கவில்லை என்ற உறுத்தல் இருந்ததால், இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம்மூரில் சமுதாயக் கல்லூரி என்றால், படிப்பை இடையில் விட்டவர்களுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்கும் ஓராண்டுப் பயிற்சி நிலையம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருள் விரிவானது. 1901-இல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்னும் ஊரில் தொடங்கிய முதல் பொதுச் சமுதாயக் கல்லூரியிலிருந்தே, நான்காண்டுப் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை இங்கே குறைந்த செலவில் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வது என்ற ஏற்பாடு இருக்கிறது. கலிபோர்னியா 1960-இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் நேரடியாகப் போகலாம். மற்ற எவருக்கும் சமுதாயக் கல்லூரியின் கதவு திறந்திருக்கும். அங்கே நன்றாகப் படித்தவர்களுக்கு மேலே போக வழி இருக்கும். இன்று அந்த மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர் கட்டணம். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகிறது. புத்தகமும் வண்டி நிறுத்தும் கட்டணமும் தனி.

நான் 2011-இல் கலிபோர்னியாவின் பே ஏரியாவுக்கு வந்தேன். விருதுநகர்ப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் முடிந்துவிட்டது. மூன்றாம் ஆண்டை அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், சொன்னவர்களில் ஒருவருக்கும் எப்படி என்று தெரியாது. வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் இருந்தவர்கள் படிக்கலாம், வேலை பார்த்துச் சம்பளம் வாங்கக் கூடாது. 2015 மே 26-க்குப் பிறகுதான், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவிக்கு வேலை அனுமதி அட்டை தரும் விதி நடைமுறைக்கு வந்தது. நான் 2013 இலையுதிர்ப் பருவத்தில் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தபோது அப்படி ஒரு விதி வரும் என்று நம்பிச் சேரவில்லை. மகள் தூங்கிய பிறகு செய்வதற்கு ஏதாவது வேண்டும் என்றுதான் சேர்ந்தேன்.

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரை முதல் ஒன்பது இருபது வரை வகுப்பு. கற்பித்தவர் 1980-களில் நிறுவனங்களில் நிரல் எழுதி ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. சி பிளஸ் பிளஸ் மொழியில் சுட்டிகள், அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறிகள், வந்த வாரத்தில், கணினிகளை மூடச் சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு பென்சிலும் அழிப்பானும் எடுக்கச் சொன்னார். நினைவகத்தைக் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டத்தின் முகவரியை எழுதி, அம்புக்குறி போட வேண்டும். எனக்கு அது குழந்தைத்தனமாகப் பட்டது. இப்படி ஒன்று அடுத்ததைக் காட்டும் கட்டங்களின் வரிசைக்குத் தொடர் பட்டியல் என்று பெயர், ஒவ்வொரு கட்டமும் ஒரு கணு. அந்த வாரப் பயிற்சி, ஒரு தொடர் பட்டியலில் உள்ள எல்லாக் கணுக்களையும் நீக்கும் நிரல். என் மடிக்கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் சரியாக ஓடியது. அவருடைய லினக்ஸ் கணினியில் ஓட்டியதும் நொறுங்கி விழுந்தது. கணினிகள் வேறு என்பதால் அப்படி ஆயிற்று என்று நான் வாதாடினேன். அவர் மறுக்கவில்லை, என் நிரலைக் காகிதத்தில் ஒவ்வொரு வரியாக வரையச் சொன்னார். நான்காவது வரியில் எனக்கே தெரிந்துவிட்டது. ஒரு கணுவை நீக்கிவிட்டு, நீக்கிய கணுவிடமே அடுத்தது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணினியில் அந்த இடம் இன்னும் மேலெழுதப்படாமல் இருந்ததால் பழைய விடை கிடைத்தது. அவருடைய கணினியில் கிடைக்கவில்லை. அடுத்ததன் முகவரியை முதலில் ஒரு மாறியில் குறித்து வைத்துக்கொண்டு பிறகு நீக்கினால் தீர்ந்தது. தவறான நிரலும் சில இடங்களில் சரியாக ஓடும் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டது போல வேறு எந்த நாளிலும் தெரிந்துகொள்ளவில்லை. இன்றும் சிக்கலான பிழை வந்தால் பென்சிலைத்தான் எடுக்கிறேன்; பக்கத்து மேசை இளைஞர்கள் சிரிப்பார்கள்.

அறிமுக வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருந்தோம். பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்த்த மெக்சிகோ வம்சாவளிப் பெண், கணக்குப்பிள்ளை வேலையிலிருந்து மாற நினைத்த வியட்நாமியப் பெண், பள்ளியிலிருந்து நேராக வந்திருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் என்று பல தரத்தினர். மூன்று பருவம் கழித்துத் தரவுக் கட்டமைப்பு வகுப்பில் முப்பத்தைந்து பேரில் ஐந்து பெண்கள் மிஞ்சியிருந்தோம். அமெரிக்கா முழுவதுமே இப்படித்தான். கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் 1980-களின் நடுவில் சுமார் 37 விழுக்காட்டினர் பெண்கள். 2010 வாக்கில் அது 18 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. வீட்டுக் கணினிகள் பையன்களின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டதும், கல்லூரிக்கு வரும்போதே நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் எதிர்பார்க்கத் தொடங்கியதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பிட்ஸ்பர்கில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்னும் இருவர் இதை ஆராய்ந்தார்கள். முன் அனுபவத்துக்குச் சேர்க்கையில் கொடுத்த முன்னுரிமையை நீக்கியும், அனுபவமில்லாதவர்களுக்குத் தனி நுழைவு வகுப்பு வைத்தும் அங்கே சில மாறுதல்கள் செய்யப்பட்டன. 1995-இல் 7 விழுக்காடாக இருந்த பெண்களின் சேர்க்கை 2000-இல் 42 விழுக்காடானது.

இந்தக் கதையைப் பெண்களுக்கான எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். கேட்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பதினெட்டு வயதில், பகல் முழுவதும் படிப்பதற்கென்றே இருக்கும் பெண்களின் கதை. எங்கள் மாலை வகுப்பில் பெண்கள் குறைந்ததற்கு அந்தக் காரணங்கள் பாதியளவுக்கும் பொருந்தவில்லை. பல் மருத்துவமனைப் பெண்ணுக்கு என்னைவிட நன்றாக நிரல் எழுத வரும். அவளை நிறுத்தியது கணக்கு. அதுவும் கணக்கின் கடினம் கிடையாது, கணக்கு வகுப்புகளின் வரிசை. சேரும்போது வைத்த தகுதிகாண் தேர்வை, பள்ளியை விட்டு இருபது ஆண்டு ஆன நிலையில், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஒரு மதிய இடைவேளையில் எழுதியிருந்தாள். அதை வைத்து அவளை அடிப்படை இயற்கணிதத்துக்கும் முந்திய வகுப்பில் போட்டார்கள். கணினி அறிவியலில் பல்கலைக்கழகத்துக்கு மாற கால்குலஸ் (நுண்கணிதம்) வேண்டும். அங்கிருந்து எண்ணினால், கால்குலஸின் வாசலில் நிற்கும் முன்னிலை வகுப்பை எட்டவே மூன்று பருவங்கள். கால்குலஸ் ஒன்று, இரண்டு என்று மேலும் போனால் மொத்தம் ஆறு. ஒவ்வொன்றும் முந்தியதில் தேறினால்தான் திறக்கும். மூன்றாவது பருவத்தில் அவளுடைய வேலை நேரம் மாறியது. அதோடு போனவள்தான். எனக்கு மட்டும் விருதுநகரில் போட்ட இரண்டாண்டுக் கணக்கு கைகொடுத்து, முன்னிலை வகுப்பிலேயே இடம் கிடைத்தது. இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு அவ்வளவுதான்.

2017-இல் கலிபோர்னியா ஏபி 705 என்னும் சட்டத்தை இயற்றியது. தகுதிகாண் தேர்வை வைத்து அடிமட்ட வகுப்புகளில் தள்ளக் கூடாது, பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும், ஓராண்டுக்குள் பல்கலைக்கழகம் ஏற்கும் கணக்கு வகுப்பை முடிக்க வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆயத்தமில்லாதவர்களைக் குளத்தில் தள்ளுவது போல இருக்கிறது என்று குறைப்பட்ட ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை முழுக்க ஏற்புடையதாகத் தோன்றவில்லை. நீச்சல் கற்றுத் தருகிறோம் என்று படிக்கட்டிலேயே மூன்று பருவம் உட்கார வைக்கப்பட்டவளை நான் பார்த்திருக்கிறேன்.

என் வரிசையும் ஒழுங்காக ஓடிவிடவில்லை. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று காட்டுவதற்கு அசிஸ்ட் என்று ஒரு மாநில இணையதளம் இருக்கிறது. அதை முதல் பருவத்திலேயே பார்க்க வேண்டும் என்று எனக்கு மூன்றாவது பருவத்தில்தான் தெரிந்தது. ஒரு பல்கலைக்கழகம் ஜாவா கேட்கும், இன்னொன்று சி பிளஸ் பிளஸ் போதும் என்னும், ஒன்று நேரியல் இயற்கணிதம் கேட்கும், இன்னொன்று கேட்காது. எல்லாமே தனிநிலைக் கணிதத்தை (டிஸ்கிரீட் மேத்ஸ்) கேட்டன. எங்கள் கல்லூரியில் அது வசந்தப் பருவத்தில் மட்டும், பகல் ஒன்றரை மணிக்கு நடந்தது. மகளை மழலையர் பள்ளியிலிருந்து இரண்டரைக்கு அழைத்து வர வேண்டும். ஒரு வசந்தம் தவறினால் அடுத்த வசந்தம். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் கிடைக்காமல் எனக்கு ஓர் ஆண்டு போயிற்று. அடுத்த ஆண்டு, அதே வகுப்பில் பெயர் கொடுத்திருந்த வியட்நாமியப் பெண்ணின் தாயார் என் மகளையும் சேர்த்து அழைத்துப் போனார். நான் வாரம் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குச் சாம்பார் கொடுத்தனுப்பினேன். புளி கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று பாட்டியம்மா சொல்லியனுப்புவார்.

இப்படி இரண்டாண்டுப் படிப்பு நான்கு ஆண்டுகளாகி, 2017-இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். விட்டுவிட்டுப் படித்தும் கதவு மூடாமல் இருந்ததுதான் சமுதாயக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி. கட்டணம் அதற்கு அடுத்ததுதான். ஒரு பருவம் ஒரே ஒரு பாடம் எடுத்தேன், ஒரு பருவம் எதுவுமே எடுக்கவில்லை, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் பாடங்கள் எனக்குத் திணறலாக இல்லை; அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சிக்கல் கோடைக்காலப் பயிற்சி வேலையில் வந்தது. முதல் ஆண்டிலிருந்து அங்கேயே இருப்பவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று கோடைகள் கிடைக்கும். மாறி வருபவர்களுக்கு ஒரே ஒரு கோடை. அதற்கான நேர்காணல்கள் முந்திய இலையுதிர்ப் பருவத்திலேயே, நாம் வளாகத்தில் எந்தக் கட்டடம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே, தொடங்கிவிடும். நான் அதைத் தவறவிட்டேன். பயிற்சி அனுபவம் இல்லாததால் முழுநேர வேலை நேர்காணல்களில் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டேன். ஓரிடத்தில் என் தன்விவரக் குறிப்பைப் பார்த்த ஒருவர், சமுதாயக் கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டால் குறிப்பு துப்புரவாக இருக்கும் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு, 2013 முதல் 2017 வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அடுத்த நேர்காணலில் கேட்டார்கள். மறுபடியும் சேர்த்தேன். 2019-இல் ஒரு சிறு நிறுவனத்தில் சோதனைக் கருவிகள் எழுதும் குழுவில் வேலை கிடைத்தது. அந்த நேர்காணலில் வெண்பலகையில் தொடர் பட்டியலைத் தலைகீழாக்கச் சொன்னார்கள். கட்டம் வரைந்து அம்புக்குறி போட்டுத்தான் தொடங்கினேன்.

இந்தத் துறையில் தாமதமாக நுழைந்த பெண்களுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கணினியாளர் சங்கமான ஏசிஎம்-இன் தலைவராக 1998 முதல் 2000 வரை இருந்த பார்பரா சைமன்ஸ், குழந்தை பிறந்ததும் இளநிலைப் படிப்பை இடையில் விட்டவர். பகுதிநேரமாக நிரலாக்க வகுப்புகளில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1981-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இளநிலைப் பட்டம் அவர் பெறவே இல்லை. 1980-களில் அவரும் வேறு சில பெண்களும் சேர்ந்து, படிப்பை விட்டுத் திரும்பும் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் பெர்க்லியில் ஒரு மறுநுழைவுத் திட்டம் நடத்தினார்கள். பாலினத்தையோ இனத்தையோ வைத்துக் கலிபோர்னிய மாநில நிறுவனங்கள் முன்னுரிமை தரக் கூடாது என்ற 209-ஆம் முன்மொழிவு 1996-இல் வாக்கெடுப்பில் வென்ற பிறகு அது நின்றுபோயிற்று. அப்படி ஒரு திட்டம் இன்று இருந்தால் பல் மருத்துவமனைப் பெண்ணின் பெயரை நானே போய்க் கொடுத்திருப்பேன்.

ஆகவே ஓரகத்திக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: எந்த மொழியில் வேண்டுமானாலும் தொடங்கு, ஆனால் முதல் பருவத்திலேயே கணக்கு வகுப்பில் பெயரைப் பதிவுசெய். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கிறாயோ, அதன் தேவைப் பட்டியலை அச்சிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டு. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் பாடம் எது என்று ஆலோசகரிடம் கேட்டு அதைச் சுற்றி வட்டம் போடு. மாறிய முதல் மாதத்திலேயே கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பி.

நேற்று அவளிடமிருந்து செய்தி வந்தது. கால்குலஸுக்கு முந்திய வகுப்பில் இடம் கிடைத்துவிட்டதாம், செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு. கொழுந்தனார் செவ்வாய்க்கிழமைப் பூப்பந்தாட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார்; வியாழக்கிழமையைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.