டென்ட்டுக்குள் காற்று: சில நாட்குறிப்புகள்

ஜூன் 2

சின்ன அறையில், வீட்டுக்குள் செடி வளர்க்கும் துணி டென்ட்டை அமைத்தாயிற்று. 1.2 மீட்டர் நீளம், அதே அகலம், 2 மீட்டர் உயரம். உள்ளே துளசி, புதினா, மிளகாய், தக்காளி. மேலே 150 வாட் எல்இடி விளக்கு.

உள்காற்றை வெளியேற்றும் ஃபேன் வாங்கும் முன் கணக்கு. டென்ட்டின் கொள்ளளவு 2.88 கன மீட்டர். இந்த அளவு டென்ட்டில் நிமிடத்துக்கு ஒருமுறை காற்று முழுக்க மாறட்டும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் மணிக்கு 173 கன மீட்டர், ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். அளவில் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) சொன்னால் சுமார் 100. ஆனால் பெட்டியில் இருக்கும் எண், முன்னும் பின்னும் எதுவும் மாட்டாத ஃபேனுக்கு உரியது. வாடையைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டரையும், காற்றை ஜன்னலுக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாயான டக்டையும் சேர்த்தால் அந்த எண் நன்றாகவே இறங்கும். அதனால் மணிக்கு 300 கன மீட்டருக்கு மேல் தள்ளும் 6 அங்குல ஃபேனாக எடுத்தேன். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் சத்தமும் குறைவு.

வெப்பத்துக்கும் இதே கணக்குதான். விளக்கு தின்னும் 150 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். மணிக்கு 173 கன மீட்டர் காற்று ஓடினால் டென்ட், அறையைவிட ஏறக்குறைய 2.5 டிகிரி கூடுதலாக இருக்கும். ஓட்டம் பாதியானால் 5 டிகிரி. இலைகள் நீராவி விடுவதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஜூன் 5

மாட்டியாயிற்று. ஃபில்டர் டென்ட்டுக்குள் உச்சியில், அதற்கு அடுத்து ஃபேன், பிறகு டக்ட், ஜன்னல். ஃபேன் ஃபில்டர் வழியாகக் காற்றை இழுக்கிறது. ஃபில்டரைக் கடைசியில், ஜன்னலோரம் மாட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. அப்படிச் செய்தால் டக்ட் முழுக்க வாடைக் காற்று அழுத்தத்தோடு ஓடும், இணைப்பில் ஒரு ஓட்டை இருந்தாலும் அறைக்குள் கசியும். என் ஏற்பாட்டில் டக்டில் போவது சுத்தமான காற்று. கசிந்தால் கசியட்டும்.

டக்டை நன்றாக இழுத்து நீட்டி, மிச்சத்தை வெட்டிவிட்டேன். சுருக்கம் ஒவ்வொன்றும் காற்றைத் தடுக்கும். வளைவு ஒன்றே ஒன்று. ஃபேனை ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டதில் டென்ட் கம்பி அதிர்வது நின்றது. வேகத்தைக் குறைக்க, ஃபேனோடு வந்த கன்ட்ரோலர்தான். விளக்கு டிம்மரை இதில் மாட்டினால் மோட்டார் முனகும், சூடேறும்.

ஜூன் 6

இன்று முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் ஓடும்போது டென்ட்டின் துணிச்சுவர் லேசாக உள்ளே குழிய வேண்டும். குழிந்தால், உள்ளே அழுத்தம் குறைவு. காற்று வெளியிலிருந்து உள்ளேதான் வரும். வாடை போவதென்றால் ஃபில்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். சுவர் உப்பினால் எவ்வளவு உசத்தியான ஃபில்டரும் வீண், ஏனென்றால் ஜிப்பின் இடுக்கு வழியாகவே எல்லாம் வெளியேறிவிடும்.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜிப் ஓரமாக மெதுவாக நகர்த்தினேன். புகை எல்லா இடத்திலும் உள்ளே இழுபட்டது, ஒயர் நுழையும் வாயைத் தவிர. அங்கே விளக்கின் சிறு விசிறி ஊதிக்கொண்டிருந்தது. நாடாவை இறுக்கியதும் சரி.

காற்று வரும் துளை எதிர் மூலையில், தரையோரம், வலையோடு. 6 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். ஃபேன் இல்லாமல் தானாக இழுபடும் வாயிலுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விடலாம். முதலில் ஒரு வாயில் மட்டும் திறந்தபோது சுவர் மிளகாய்ச் செடி மேலேயே சாய்ந்தது. இரண்டாவதையும் திறந்தேன்.

ஜூன் 11

மீனை நொதிக்கவைத்துச் செய்த உரமான மீன் அமிலம் ஊற்றிய நாள். எனக்கு வாடை ஒன்றும் தெரியவில்லை. அதை நம்பவும் கூடாது: ஒரே வாடையில் சிறிது நேரம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "என்னடா, ஏதோ அழுகின முட்டை நாத்தம் அடிக்குது?" என்றாள்.

மீன் வாடை என்று சொல்லவில்லை, முட்டை என்றாள். அதுதான் துப்பு. தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளில் வடிநீர் தேங்கி, காற்று புகாத சேற்றில் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டுகளில் இரண்டு, டென்ட்டுக்கு வெளியே இருந்தவை. ஃபில்டர் என்ன செய்யும், பாவம். தட்டுகளைக் கழுவி, தொட்டிகளைச் சட்டத்தில் தூக்கி வைத்தேன். மறுநாள் அக்காவையே மறுபடி முகரச் சொன்னேன். "இப்ப புதினா மட்டும்தான்டா."

நறுமண ஜெல் ஒன்று யாரோ கொடுத்தது கிடக்கிறது. அது வாடையை எடுக்காது, மேலே இன்னொரு வாடையைப் பூசும். வாடை போக்கும் ஓசோன் கருவி பற்றியும் சிலர் கேட்டார்கள். மனிதர் மூச்சுவிடும் அறையில் ஓசோன் வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்கும் கெடுதல், இலைக்கும் கெடுதல்.

ஜூன் 19

மழை. விளக்கு அணைந்த பிறகு ஈரப்பதமானி 82 சதவீதம் காட்டியது.

25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவி தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். பகலில் 75 சதவீதம் ஈரத்தோடு இருந்த காற்று, இரவில் 5 டிகிரி இறங்கினால் நிறைந்துவிடும். இலையில் நீர் கோக்கும். சாம்பல் பூஞ்சணத்துக்கு அது போதும். மின்சாரம் மிச்சம் என்று ராத்திரி ஃபேனை நிறுத்துவது இதனால்தான் ஆகாது. குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். உள்ளே ஒரு கிளிப் ஃபேனும் வைத்தாயிற்று, இலை மேல் நேராக அடிக்காமல் சுவரை நோக்கி.

ஃபில்டருக்கும் ஈரம் ஆகாது. சிரட்டைக் கரியைப் பதப்படுத்திச் செய்த கார்பனில், ஒரு கிராமுக்குள் நுண்துளைகளின் பரப்பு 1000 சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும். வாடை மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில்தான் ஒட்டுகின்றன. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் நீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கும். வெளிக்காற்றே நனைந்திருக்கும்போது ஃபேனைக் கூட்டியும் பயனில்லை. அறையில் ஈரம் உறிஞ்சும் கருவி ஓடுகிறது, அப்புறம் தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றினேன்.

ஜூலை 4

ஃபில்டரின் வெளித்துணியைக் கழற்றித் துவைத்தேன், தூசி அப்பியிருந்தது. உள்ளே இருக்கும் கார்பனைக் கழுவ முடியாது, நிறைந்தால் மாற்றத்தான் வேண்டும். துணி உலர்ந்து மாட்டியதும் சுவர் மறுபடி நன்றாகக் குழிந்தது. அதே வேகம்தான்.

தக்காளி ஃபில்டரைத் தொட்டுவிட்டது. நுனி கிள்ளுவதா, வெளியே எடுப்பதா என்று அக்காவிடம் கேட்டேன். தனக்குக் கொடுத்துவிடச் சொல்கிறாள்.