கிணற்றுத் தண்ணீர்க் கையேடும் சேரின் கட்டுரையும்

எங்கள் வாசிகசாலைக்காகக் கிணற்றுநீர் பற்றி ஒரு சிறு கையேடு எழுதினேன். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீரைத்தான் குடிக்கிறோம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற பசளையில் இருக்கிற, கூடினால் உடம்புக்குக் கேடான நைத்திரேற்று என்ற உப்பு அந்தக் கல்லின் வெடிப்புகளால் நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும். இதை அளந்து ஆய்விதழில் எழுதியவர் எனக்குப் படிப்பித்த சேர். கேட்டதும், "தம்பி, என்ரை கட்டுரைதானே, எடுத்துப் போடும்" என்றார்.

அச்சகத்துக்குப் போகமுதல் கட்டுரையின் முதல் பக்க அடியைப் பார்த்தால், பதிப்புரிமை பதிப்பகத்துக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. கட்டுரையை ஏற்றபோது சேரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அவருக்கே அது மறந்துபோயிற்று. பதிப்பகத்துக்கு எழுதி, படிவம் நிரப்பி, மூன்று கிழமை காத்திருந்தேன். ஒரே ஒரு வரைபடத்துக்கு எங்கள் முழு அச்சுச் செலவையும் விடக் கூடிய தொகை கேட்டார்கள். சரியான கோபம் வந்தது. எங்கள் கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை நாங்களே காசு கொடுத்தா சொல்லவேண்டும்?

சட்டத்தரணியாக இருக்கும் மச்சாள்தான் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்து 8ஆம் பிரிவைக் காட்டினாள். எண்ணம், முறை, கோட்பாடு, கண்டுபிடிப்பு, வெறும் தரவு இவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை, ஒரு நூலில் விளக்கி எழுதியிருந்தாலும் இல்லை. கிணற்றில் இவ்வளவு நைத்திரேற்று என்ற எண் யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொன்ன வசனமும் கீறிய படமும்தான் சொந்தம்.

அப்பாடா, நான் தமிழில்தானே எழுதியிருக்கிறேன், வசனம் என்னுடையது என்றேன். மொழிபெயர்க்கும் உரிமையும் உரிமையாளருக்குத்தான், 9ஆம் பிரிவைப் பார் என்றாள். பிறகு என் பிரதியையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனையால் கோடிட்டுக்கொண்டே போனாள். சேர் பசளையில் தொடங்கி, மழைக்குப் போய், கிணற்றில் முடித்திருந்தார், என்னுடையதும் பந்திக்குப் பந்தி அதே வழி. சுண்ணக்கல்லைச் சல்லடை என்று அவர் சொன்ன உவமைகூட அப்படியே இருந்தது. நான் களவெடுக்கவில்லை என்று நம்பியிருந்தவன், பார்க்கப் பார்க்க மனம் கனத்துப்போனது.

அப்புறம் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அம்மா தண்ணி அள்ளுகிற எங்கள் கிணற்றுக்கட்டிலிருந்து புதிதாகத் தொடங்கினேன். அட்டவணையையும் முழுதாகப் பார்த்தெழுதவில்லை, ஏனென்றால் தரவைத் தெரிந்து அடுக்கிய விதத்தில் ஒருவரின் சொந்த ஆக்கம் இருந்தால் அதற்கும் பாதுகாப்பு உண்டு. எங்கள் பகுதிக் கிணறுகளின் எண்களை மட்டும் எடுத்தேன். வரைபடத்துக்கு நிறத்தை மாற்றினால் போதும் என்று முதலில் நினைத்தது பிழை, அதுவும் பிரதிதான். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கம்பம் கீறி, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைச் சிவப்புக் கோடாகப் போட்டேன். கோட்டைத் தாண்டிய கம்பம் எது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

படத்தின் கீழே சேரின் பெயரையும் கட்டுரையையும் தெளிவாகப் போட்டேன். எண்ணுக்குப் பதிப்புரிமை இல்லாவிட்டாலும், வெயிலில் போத்தலோடு கிணறு கிணறாக ஏறி இறங்கியது அவர்.

போன மாதம் சேர் அழைத்தார். அடுத்த கட்டுரை தயார், கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில், பெயரைச் சொன்னால் யாரும் மொழிபெயர்க்கலாம் என்று விடுகிற, அப்படி வெளியிட எழுதியவரிடம் கட்டணமும் கேட்காத ஆய்விதழாகத் தேடித்தர முடியுமா என்று கேட்டார். இரண்டு கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறேன்.