நுரையீரலுக்குள்ளயே தங்கிடுற காவல்
அப்பாவுக்கு நிமோனியா குணமாகி செந்தூல் வீட்டுக்கு வந்ததுல இருந்து பாக்குறவங்க எல்லாம் "இனி நெஞ்சு வீக்குதான் லா"ன்னு சொல்றாங்க, எனக்கு மனசு கேக்கல, நிறைய படிச்சேன்.

பாக்டீரியா நிமோனியாவுக்கு ரொம்ப பொதுவான காரணம் நிமோகாக்கஸ்ங்குற கிருமி. கிருமியோட சண்டை முடிஞ்சதும், அதை எதிர்த்த டி செல்லுங்க (வெள்ளை அணுல ஒரு வகை) எல்லாம் செத்துடுறதில்ல, கொஞ்சம் நுரையீரல் திசுவுலயே தங்கிடுது, ரத்தத்துல சுத்துறதே இல்ல, அதனால கையில ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணா இதுங்க கண்ணுல படாது. கிருமி திரும்ப வந்தா இதுங்க ஐஎல்-17னு ஒரு சிக்னல் விடும், உடனே நுரையீரல் சுவர்ல இருக்குற செல்லுங்க கிருமியை விழுங்குற நியூட்ரோஃபில்ங்குற வெள்ளை அணுவைக் கூப்பிடும், வழக்கத்தை விட சீக்கிரமா. ஆன்டிபாடி செய்யுற பி செல்லும் கூட அங்க தங்குது. எலியில பாத்தா, நுரையீரலோட எந்த மடல்ல (பகுதியில) இன்ஃபெக்‌ஷன் வந்துச்சோ அந்த மடல்லதான் இந்தக் காவல் பலமா இருக்குதாம்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. நிமோகாக்கஸ்ல 100 வகைக்கு மேல இருக்கு, தடுப்பூசி அதோட மேலுறையைப் பாத்து வகை வகையாதான் வேலை செய்யும், ஆனா இந்த டி செல்லுங்க எல்லா வகையிலயும் பொதுவா இருக்குற புரதத்தைக் கூட அடையாளம் கண்டுக்கும், அதனால புதுசா ஒரு வகை வந்தாலும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கலாம்.

அதுக்காக ஊசி வேணாம்னு இல்ல. வயசு, சிகரெட், இனிப்புநீர் எல்லாமே எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். வீட்டுல பெரியவங்க இருந்தா நிமோகாக்கல் ஊசி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, காசு கொஞ்சம் ஆகும், ஆனாலும் போட்டுடுங்க.